கூட்டாளிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி 2 வருடம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட்டதும் கணவர் தன் பள்ளிக்கூடக் கூட்டாளியோடு காலிமுகத்திடலுக்குப் போய்விடுவார். இருட்டின பிறகுதான் வருவார். அவருடைய வேலை போகப்போகிறது என்பதையே அந்தக் கூட்டாளியின் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். 'இருவரும் ஒரே உடலாய் இருப்பர்' என்று கேட்டுத்தானே கல்யாணம் முடித்தோம்? இந்தச் சிநேகிதத்தை விடச் சொல்லலாமா?

பதில்: அன்புத் தங்கச்சி, விடச் சொல்லாதீர்கள். ஞாயிறு பின்னேரம் அவர் போவதைவிட, அந்தச் செய்தி ஊரைச் சுற்றி உங்களிடம் வந்ததுதான் உங்களை அரிக்கிறது. அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தாய் தகப்பனையே விட்டு மனைவியோடு ஒன்றித்திருக்கச் சொல்கிறது விவிலியத்தின் தொடக்க நூல். அப்படியென்றால் வீட்டு அடுப்பைத் தொடுகிற செய்தி முதலில் மனைவிக்குத்தான் வரவேண்டும்.

ஆனால் வேலை போகிறதென்று மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்கள் ஆண்களுக்கு நா எழாது. கடலைப் பார்த்தபடி, இறால் வடையைப் பிய்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிடுவார்கள். உங்கள் கணவரைத் தடுத்தது வெட்கம் என்றே நினைக்கிறேன்.

யோனத்தான் தன் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கழற்றித் தன் உயிர்க் கூட்டாளி தாவீதுக்குக் கொடுத்ததை விவிலியத்தில், 1 சாமுவேல் 18இல் வாசிக்கிறோம். எனக்குப் பெரிதாகப் படுவது பிறகு நடந்தது. யோனத்தான் போரில் இறந்துபோனான். இரண்டு காலும் முடமான அவன் மகனைத் தேடிக் கூப்பிட்டு, தன் பந்தியிலேயே இருத்திச் சாப்பிட வைத்தான் தாவீது.

என் அப்பாவுக்கும் ஒரு கூட்டாளி இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார்கள். திரும்பி வந்து எங்கள் கேற்றடியில் நின்று கதைப்பார்கள். அந்த மாமா அடிக்கடி கேட்பது இன்றும் என் காதில் நிற்கிறது: "தங்கச்சியிட்டச் சொல்லிட்டியா?" அம்மாவைத்தான் அப்படிச் சொல்வார். அப்பா போன பிறகு பென்ஷன் கடதாசிகளோடு அம்மாவைக் கந்தோர் கந்தோராகக் கூட்டிப்போனவரும் அவர்தான்.

குடி, கடன் என்று இழுக்கிற கூட்டாளி என்றால் வேறு கதை. நீங்கள் அப்படி எழுதவில்லை. ஒரு பின்னேரம் கணவரைக் கூட்டிக்கொண்டு மரைன் டிரைவில் நடவுங்கள். நடந்துகொண்டே சொல்லுங்கள்: "நீங்கள் அவரிட்டப் போறதில எனக்குப் பிரச்சினையில்லை. வேலை விசயம் மட்டும் இனி எனக்கு முதல்ல சொல்லுங்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து சமாளிப்பம்." உடனே பதில் வராவிட்டால் பேசாமல் கூடவே நடவுங்கள். அடுத்த ஞாயிறு அந்தக் கூட்டாளியையும் மனைவியையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.