ஆங்கிலத்தில் 'கோ', 'கம்', 'வாக்' தாண்டி நல்ல வினைச்சொற்களைக் கற்பது எப்படி?

எதை எழுதினாலும் 'கோ', 'கம்', 'லுக்' என்றே முடிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்தவர் என்று நினைக்கிறேன். எனக்கு இது ஆறாத புண், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடைக் கிராமம். சிவில் டிப்ளமோ முடித்து, வெளி மாவட்டத்தில் ஏரிக்கரை பலப்படுத்தும் வேலையில் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஒருநாள் கரையின் அடியில் ஈரம் தெரிந்தது. ரிப்போர்ட்டில் 'வாட்டர் இஸ் கமிங்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் மேலாளர் அதை எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு, "வருதுன்னா எப்படி வருது? நான் இப்ப மணல் மூட்டை அனுப்பணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும், தமிழில் தெரியும். ஆங்கிலம்தான் வாயில் வரவில்லை. அப்படியே நின்றேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். சம்பா வயலில் அப்பா வரப்பைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். நண்டு வளையால் வரப்பெல்லாம் ஓட்டை. "இங்க கசியுது தம்பி, கெடக்கட்டும். அங்க ஒழுகுது, பொழுது சாயறதுக்குள்ள அடைக்கணும்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னோர் இடத்தில் பீறிட்டது. பேச்சை விட்டுவிட்டு ஓடி, களிமண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, குதிகாலால் மிதித்து அடைத்தார். மூன்று வினை, மூன்றுக்கும் வேறு வேறு வேலை. மேலாளர் கேட்டதும் இதைத்தானே என்று அங்கேயே உறைத்தது.

அன்று ராத்திரி அகராதியோடு உட்கார்ந்தேன். கசிந்தால் 'சீப்' (seep), சொட்டினால் 'டிரிப்' (drip), நூலாக ஒழுகினால் 'ட்ரிக்கிள்' (trickle), பீறிட்டால் 'கஷ்' (gush). சேறு மாதிரி கெட்டியாகப் பிதுங்கினால் 'ஊஸ்' (ooze). அடுத்த ரிப்போர்ட்டில் 'கிளியர் வாட்டர் இஸ் சீப்பிங்' என்று எழுதினேன். கரையடியில் தெளிந்த நீர் மெல்லக் கசிந்தால் அளவு கூடுகிறதா என்று தினமும் பார்த்து வருவார்கள். அதே நீர் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, காத்திருக்கக் கூடாது. மேலாளர் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதனால் நான் சொல்வது: ஆங்கிலப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழ் வினையிலிருந்து தொடங்குங்கள். தள்ளாடினால் 'ஸ்டாகர்' (stagger), நொண்டினால் 'லிம்ப்', காலாற உலாவினால் 'ஸ்ட்ரோல்', அலுத்துப்போய்க் காலை இழுத்து நடந்தால் 'ட்ரட்ஜ்' (trudge). முறைத்தால் 'கிளேர்', சட்டென்று ஒரு பார்வை பார்த்தால் 'கிளான்ஸ்'. நடவு வயலில் முழங்கால் தண்ணீரில் நடக்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் 'வேட்' (wade) என்று ஒரே சொல் இருக்கிறது. அதைப் படித்த அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் செயலைக் கண்ணால் பார்க்கும்போது சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள், போதும்.

பட்டியலை மனப்பாடம் செய்து முன்னேறியவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்களுக்குச் சரிப்பட்டிருக்கும். வரிக்கு வரி பெரிய சொல்லாகப் போடவும் சொல்லவில்லை. சும்மா நடந்தால் 'வாக்'தான் சரி. தமிழ் வழிக் கல்வியைப் பழிப்பதாகவும் நினைக்க வேண்டாம். என்னைக் காப்பாற்றியதே என் தமிழ்தான்.

தண்ணீரைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையில் பாசனத்துக்கு ஜூன் 12 அன்றே தண்ணீர் திறந்தாலும், கல்லணை தாண்டி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் நாள்கள் ஓடிவிடும். இங்கே தூர்வாருவதோ தண்ணீர் திறந்த பிறகு. வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், முதல் மழையில் அது மறுபடி உள்ளே இறங்குகிறது. ஆகாயத்தாமரையை யாரும் தொடுவதே இல்லை. எத்தனை மனு கொடுத்தாயிற்று!

போன தடவை அப்பாவுக்குப் போன் செய்து "தண்ணி வந்துச்சாப்பா?" என்று கேட்டேன். "வருது தம்பி, ஊர்ந்து வருது" என்றார். 'கிரீப்' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் வெடித்துவிட்டது.