கொடைக்கானல் வானில் ஸ்போராடிக் ஈ அடுக்கு பகலில் மட்டும் தெரிவது ஏன்?

சுமார் 100 கி.மீ. உயரத்தில், அயனி மண்டலத்தின் (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலம்) ஈ பகுதியில் உருவாகி ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலமே ஸ்போராடிக் ஈ. நடு அட்சரேகைகளில் எதிரெதிர்க் காற்றுகள் விண்கல் தூசியின் உலோக அயனிகளை நெருக்கி இதை உண்டாக்கும், கோடையில்தான் அதிகம். கொடைக்கானல் காந்த நடுக்கோட்டை ஒட்டியது. காந்தப்புலம் ஏறக்குறைய கிடையாகக் கிடப்பதால் அந்த வழி இங்கே எடுபடாது. பகலில் கிழக்கு நோக்கிப் பாயும் எலக்ட்ரோஜெட் மின்னோட்டம்தான் எலக்ட்ரான்களைத் திட்டுத்திட்டாகக் கலைத்து இங்கே இந்தப் படலத்தை உண்டாக்குகிறது. சில நாள் பிற்பகலில் அது மேற்கே திரும்பும்; உடனே படலமும் காணாமல் போகும். இரவிலும் இல்லை.

ரேடியோ அலையை மேலே அனுப்பி எதிரொலியைப் பதியும் கருவியான அயனோசோண்டின் பதிவில் இது 10 மெகாஹெர்ட்ஸ் அளவு வரைகூட சிதறலாக நீளும். ஆனால் கொசுவலை மாதிரி. மேலேயுள்ள எஃப் அடுக்கு அதன் ஊடே தெளிவாகத் தெரியும்.

மலை உயரம்தான் காரணம் என்பார்கள். 2,300 மீட்டர் எங்கே, 100 கி.மீ. எங்கே!