தங்கத்துக்கு மேலே மூன்று ஏக்கர் கோகோ

கேள்வி: கானாவில் சுன்யானி நகரில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் லாரி டிரைவரின் தந்தைக்கு அஹாஃபோ பக்கம் மூன்று ஏக்கர் கோகோத் தோட்டம். வெளிநாட்டுத் தங்கச் சுரங்கக் கம்பெனி ஒன்று அங்கே அளவெடுக்கிறது. ஊருக்கே விடிவு என்கிறார்கள் சிலர். ஓர் ஏஜென்ட், "நூற்றுக்கு இருபது எனக்கு, இரட்டிப்பு இழப்பீடு வாங்கித் தருகிறேன்" என்று பத்திரத்தோடு அலைகிறார். சுரங்கத்தால் உள்ளூருக்கு நன்மை உண்டா? பெரியவர் கையெழுத்துப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போட வேண்டாம்.

நன்மை உண்டா என்றால், உண்டு. யாருக்கு, எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கானா அரசியல் சாசனப்படி மண்ணுக்கடியில் உள்ள கனிமம் அத்தனையும் மக்கள் சார்பில் ஜனாதிபதி பொறுப்பில் இருக்கிறது. பெரியவருக்குப் பாத்தியதை மேல்மண்ணிலும் மரத்திலும் மட்டுமே. "உங்கள் தங்கத்துக்கு விலை பேசித் தருகிறேன்" என்று எவராவது சொன்னால், அவர் கையில் இல்லாத சரக்கை விற்கிறார்.

ராயல்டியைப் பாருங்கள், அதாவது எடுத்த தங்கத்துக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் பங்கு. 100 ரூபாய்க்குத் தங்கம் விற்றது, 5 சதவீதம் ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 ரூபாயில் 4 ரூபாய் நேராகத் தலைநகர் அக்ராவின் கஜானாவுக்குப் போகும். 2016 சட்டப்படி மீதி ஒரு ரூபாய் கனிம வளர்ச்சி நிதிக்கு. அதில் 50 காசு ஸ்டூல் நில அலுவலகத்துக்கு வரும் (ஊரின் பாரம்பரியத் தலைவர்தான் சீஃப், அவர் அரியணையை அங்கே ஸ்டூல் என்பார்கள், அதன் பேரில் உள்ளது ஸ்டூல் நிலம்). அலுவலகச் செலவு என்று 5 காசு கழியும். மிச்சம் 45 காசில் மாவட்ட மன்றத்துக்கு ஏறக்குறைய 25, சீஃபின் ஸ்டூலுக்கு 11, பாரம்பரிய மன்றத்துக்கு 9. சுரங்க ஊர்களின் வளர்ச்சித் திட்டத்துக்கென்று அதே ஒரு ரூபாயில் தனியாக 20 காசு. இதெல்லாம் காகிதக் கணக்கு. இப்படி ஒதுக்கிய நிதிகளுக்கே உச்சவரம்பு போட்டு 2017-இல் இன்னொரு சட்டம் வந்தது. பெரியவர் பெயரில் ஒரு காசாவது இருந்ததா? சீஃப் வீட்டுக்குப் போகும் 11 காசுக்குக் கணக்குக் கேட்க ஊரில் ஒருவருக்கும் வாய் வராது.

நல்ல உதாரணமும் அதே அஹாஃபோவில் உண்டு. கென்யாசி பக்கம் 2006-இல் தங்கம் எடுக்கத் தொடங்கிய நியூமான்ட் கம்பெனியுடன் சுற்றியுள்ள பத்து ஊர்கள் 2008-இல் ஒப்பந்தம் போட்டன. அவுன்ஸுக்கு ஒரு டாலர், நிகர லாபத்தில் ஒரு சதவீதம் அறக்கட்டளைக்கு. வேலையில் 35 சதவீதம் உள்ளூராருக்கு. பள்ளிக் கட்டடம், உதவித்தொகை எல்லாம் வந்தன, மறுக்க மாட்டேன். ஆனால் அது ஊர்கள் உட்கார்ந்து பேரம் பேசி வாங்கியது. சட்டம் தானாகக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்தச் சுரங்கத்தில் சயனைடு கசிந்ததும் நடந்தது.

அப்புறம் இழப்பீடு. நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். 2006-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் நான்கு இழப்புகளைச் சொல்கிறது: நிலத்தைப் பயன்படுத்த முடியாமல் போவது, கட்டடம் போன்றவற்றின் சேதம், வருமான இழப்பு, பயிரின் ஆயுளைப் பொறுத்து இனி வரவேண்டிய வருமானம். கோகோ இருபது முப்பது வருஷம் காய்க்கும் மரம் என்பதால் நாலாவதுதான் பெரிய தொகை. கம்பெனிக்காரர்கள் அதைத்தான் வேகமாகத் தாண்டுவார்கள்.

ஏஜென்ட் இரட்டிப்பாக்குவது நடக்காத காரியம். ஒரு பயிருக்கு என்ன விலை என்பது பெரும்பாலும் விவசாயிகள் பிரதிநிதிகளும் கம்பெனியும் பேசி ஊர் முழுவதற்கும் ஒன்றாக முடிவாகும். எப்படியும் வரப்போகும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதுதான் அவர் தொழில். இந்த ஆட்களை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். பைக் மாறும், பேச்சு மாறாது. இன்னொரு வகை, "ராத்திரியோடு ராத்திரியாக நாலு சுவர் எழுப்புங்கள், வீட்டுக்கும் பணம் வரும்" என்று செங்கல் விற்பவர்கள். சுரங்கக் குத்தகைப் பகுதிக்குள் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் கட்டடம் எழுப்பவோ, உயர்மதிப்புப் பயிருக்கு மாறவோ அதே சட்டம் தடை போடுகிறது. செங்கல் கடன்தான் மிஞ்சும்.

இனி, பெரியவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: நிலம் அவருடையதா, வாரத்துக்குச் செய்கிறாரா? கோகோ நாட்டில் பாதித் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் வராது. நம் ஊர் வாரச் சாகுபடி மாதிரி அங்கே அபுனு என்றால் பாதிப் பாதி, அபுசா என்றால் மூன்றில் ஒன்று. சாட்சி வைத்து, மது கொடுத்து, வாய்வார்த்தையாக முடித்த ஏற்பாடு, காகிதம் கிடையாது. இழப்பீடு கேட்கும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, சட்டப்படி அனுபவிப்பவருக்கும் உண்டு. ஆனால் இழப்பீட்டுக்காக மரம் எண்ண வரும் கம்பெனிப் பையன் படிவத்தில் ஒரே பெயரைத்தான் எழுதுவான், அது பெரும்பாலும் நிலக்காரர் பெயர். இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. பல அபுனு ஏற்பாடுகளில் வாரக்காரரின் உரிமை கோகோ மரம் நிற்கும் வரைதான். மரத்தை வெட்டினால் உரிமையும் போயிற்று. நாளைக்குக் கம்பெனி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அது நிலக்காரருக்கே போகும். அதனால் அவர் வாரக்காரர் என்றால், எண்ணிக்கை தொடங்கும் முன்பே பங்கை எழுத்தில் வாங்கி, இரண்டு பெயரையும் படிவத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அவர் மனைவி தனியாக மரவள்ளி போட்டிருந்தால் அது அந்த அம்மா பெயரில் தனி வரியாக வரட்டும்.

தொகையில் ஒத்துப்போகாவிட்டால்? விவகாரம் அமைச்சரிடம் போகும். சுரங்கத்தில் அரசுக்கே 10 சதவீத இலவசப் பங்கு இருக்கும்போது நடுவர் அமைச்சர்! அவர் முடிவும் பிடிக்கவில்லை என்றால்தான் உயர் நீதிமன்றம். அதுவரை பெரியவர் டிரோட்ரோ வேனில் அலைந்துகொண்டிருக்க வேண்டும். வெறுத்துப்போய்ப் பாதிப் பேர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதற்காகத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். சுரங்க ஊர்களுக்காகப் பல காலமாக நிற்கும் வாக்காம் அமைப்பிடம் பேசிப் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் வைத்துக்கொண்டு கோகோ, வாழை, மரவள்ளி எல்லாவற்றையும் எண்ணி எழுதி, போனில் படம் எடுத்துவிடுங்கள். கம்பெனி எண்ண வரும்போது வெற்றுப் படிவத்தில் கைநாட்டு வைக்க வேண்டாம். பூர்த்தி செய்த படிவத்தின் நகல் கைக்கு வராமல் அவர்களைத் தோட்டத்தை விட்டு அனுப்பவும் வேண்டாம்.