சிப் சரி, ரெஃபரன்ஸ்தான் ஆடுகிறது

கேள்வி: முட்டையில் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு எல்.எம்.35 வெப்பநிலை சென்சர், அதன் வோல்டேஜை எண்ணாக மாற்றும் எம்.சி.பி.3208 ஏடிசி சிப், ஹீட்டரை இயக்க ரிலே வைத்துச் செய்திருக்கிறேன். ரிலே இழுத்ததும் 37.5 டிகிரி 39 ஆகிவிடுகிறது. உடனே ரிலே விடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஆனால் சென்சர் காலில் மீட்டர் வைத்தால் 375 மில்லிவோல்ட் அசையாமல் நிற்கிறது. ஆவரேஜ் எடுத்தும் பயனில்லை. சிப் போலியா?
- பாலிடெக்னிக் மாணவர், நாமக்கல்

பதில்: சிப்பைக் கழற்றாதீர்கள் தம்பி. சென்சர் காலில் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களே, அது பாதி வேலையை முடித்துவிட்டது. அதே மீட்டரை ஏடிசியின் 15-ஆம் கால், அதாவது அது அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் ரெஃபரன்ஸ் வோல்டேஜ் வரும் வீரெஃப் மீது வையுங்கள். ரிலேக்குப் போகும் அதே 5 வோல்ட்டைத்தான் அங்கேயும் கொடுத்திருப்பீர்கள். ரிலே இழுக்கும்போது அது 4.8-க்கு இறங்கும் என்று நினைக்கிறேன்.

ஏடிசிக்கு வோல்ட் தெரியாது. வீரெஃப்பை 4096 பங்காக்கி, உள்ளே வருவது எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். 5 வோல்ட்டில் 375 மில்லிவோல்ட் 307 பங்கு, 4.8-ல் அதுவே 320. உங்கள் புரோகிராம் இன்னும் 5 வோல்ட் கணக்கில் பெருக்குவதால் 39 டிகிரி வருகிறது. ஹீட்டர் அணைகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, ரிலே திரும்ப இழுக்கிறது. ஒரே பக்கம் சாயும் இந்தப் பிழையை ஆவரேஜ் சரிசெய்யாது. எதற்கெடுத்தாலும் சாஃப்ட்வேரில் தீர்வு தேடும் பழக்கத்தை விடுங்கள். முதலில் ஒயரைப் பாருங்கள்.

வோல்டேஜை அசையாமல் பிடித்துவைக்கும் ரெஃபரன்ஸ் சிப்பான எல்.எம்.4040, 4.096 வோல்ட் வகை ஒன்று வாங்குங்கள். 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம் வழியாக வீரெஃப்புக்கு இணைத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு இதைப் போடுங்கள். இனி ஒரு எண் ஒரு மில்லிவோல்ட், பத்து எண் ஒரு டிகிரி. எவ்வளவு சுகமான கணக்கு! ஏடிசியின் விடிடி (சப்ளை) காலை ஒட்டி 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். ரிலேயின் கிரவுண்ட் ஒயரைத் தனியாக சப்ளை வரை கொண்டுபோங்கள். சென்சர் கிரவுண்ட் அதில் சேரவே கூடாது.

கேள்வி: ஏடிஎஸ்1115 என்ற ஏடிசியில் 6.144 வோல்ட் ரேஞ்ச் இருக்கிறதே, அது 3.3 வோல்ட் சப்ளையில் ஓடும்போது 5 வோல்ட் சென்சரை நேரடியாகக் கொடுக்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. ரேஞ்ச் என்பது அளவுகோல்தான், தாங்கும் சக்தி அல்ல. சப்ளையைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் சிப் கெடலாம். இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்துப் பாதியாக்கி, 4.096 ரேஞ்சில் படியுங்கள்.