சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் காவல் துவக்கை எப்படி வைத்திருப்பது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வயலுக்கு வரும் காட்டுப் பன்றிகளை விரட்டும் இரவுக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் குழல் மடிக்கும் துவக்கொன்றை வைத்திருக்கும் நீங்கள், மூன்றும் ஐந்தும் வயதான பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலுமாரியின் மேல் வைப்பது பாதுகாப்பே அல்ல. கதிரையை இழுத்துப் போட்டு ஏற ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதிக நேரம் எடுக்காது. விடியற்காலையில் காவல் முடிந்ததும், வயலிலேயே குழலை மடித்துத் தோட்டாவை எடுத்து, குழல் வெறுமையாக இருப்பதை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்துகொண்ட பின்னரே வீட்டுக்குப் புறப்பட வேண்டும், ஏனெனில் தூக்கக் கலக்கத்தில் வாசலுக்கு வந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள். துவக்கு ஒரு பூட்டிலும் தோட்டாக்கள் வேறோர் அறையில் இன்னொரு பூட்டிலும் இருக்க, திறப்புகள் உங்களிடமே இருக்கட்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துவக்கைத் தோளில் மாட்டாதீர்கள். “தொடாதே” என்று சொல்லிவைத்திருப்பதை நம்பி, ஒரு நாளேனும் பூட்டாமல் விடவும் வேண்டாம்.