பொதுச் சமையலும் மனித இயல்பும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் சூன் லீ பக்கம் ஒரு தொழிலாளர் தங்குவிடுதியில் இருக்கிறேன். அறையில் 12 பேர். ஆளுக்கு மாதம் 130 வெள்ளி போட்டு, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடலாம் என்று ஆரம்பித்தோம். முதல் மாதம் நன்றாகப் போனது. பிறகு இரண்டு பேர் தங்கள் முறை வரும் நாளெல்லாம் ஓவர்டைம் என்று நழுவினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கணக்கு ஓர் அண்ணன் மனதில்தான் இருக்கிறது, கேட்டால் கோபம் வருகிறது. இப்போது ஐந்து பேர்தான் சேர்ந்து சமைக்கிறோம். “மனுஷ புத்தி இவ்வளவுதான், அதனால்தான் சோஷலிசம் எங்கேயும் உருப்படவில்லை” என்கிறார் நண்பர். பொதுவுடைமை மனிதனின் சுயநலத்தைக் கணக்கில் எடுக்காத தத்துவமா? அதில் அறத்துக்கு இடம் உண்டா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் நண்பர் கண்ணால் பார்த்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. முதலில் நழுவியது இரண்டே பேர். சுயநலம்தான் மனித இயல்பு என்றால் மற்ற பத்துப் பேரும் முதல் மாதமே நழுவியிருக்க வேண்டும். அவர்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை, பிறகு ஏன் கழன்றார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துத்தான் பதில் தேட வேண்டும்.

பொருளியலாளர்கள் ஏர்ன்ஸ்ட் ஃபேரும் சிமோன் கெக்டரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். அது ஒரு ஆட்டம். நான்கு பேர், ஆளுக்கு 20 டோக்கன். போடாததை அவரவரே வைத்துக்கொள்ளலாம். பொதுவில் போடும் ஒவ்வொரு டோக்கனுக்கும் நால்வருக்கும் தலா 0.4 கிடைக்கும். எல்லாரும் இருபதையும் போட்டால் ஆளுக்கு 32. மற்ற மூவரும் முழுதாகப் போட, ஒருவர் மட்டும் தன் பங்கைப் பதுக்கினால் அவருக்கு 44. ஆட்டம் தொடங்கும்போது பாதியளவு பொதுவில் விழுகிறது, சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே போகிறது. உங்கள் அறையில் நடந்தது அப்படியே இதுதான். ஆனால் தன் காசைச் செலவழித்தாவது பதுக்குபவருக்கு அபராதம் போடலாம் என்று விதியை மாற்றியதும் பங்களிப்பு ஏறியது. ஆட்களிடம் போதனை எதுவும் செய்யவில்லை, விதி ஒன்றுதான் மாறியது. மறு ஆண்டு உர்ஸ் ஃபிஷ்பாகருடன் சேர்ந்து அவர்கள் செய்த சோதனையில் ஏறக்குறைய பாதிப் பேர் ‘மற்றவர் போட்டால் நானும் போடுவேன்’ என்ற வகை. எப்படியும் போடாதவர்கள் 30 சதவீதம் போல. அந்தப் பாதிப் பேர் ஏமாளி ஆக விரும்பாதவர்கள். அவர்களை சுயநலக்காரர்கள் என்பது அநியாயம்.

மனித இயல்பு என்று ஒன்று கிடையாது என்று மார்க்ஸ் சொன்னதாகப் பலர் மேடையில் பேசுகிறார்கள். 1845இல் ஃபாயர்பாக் என்ற தத்துவவாதியைப் பற்றி எழுதிய குறிப்பில், மனித சாரம் என்பது சமூக உறவுகளின் தொகுப்பு என்கிறார், சரி. ஆனால் ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில், பயனே அறத்தின் அளவுகோல் என்ற தத்துவவாதி பெந்தாமைச் சாடும் அடிக்குறிப்பில், மனித இயல்பைப் பொதுவாகவும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு காலகட்டத்திலும் அது மாறி நிற்கும் வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

1875இல் ஜெர்மன் சோஷலிஸ்டுகளின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்து அவர் எழுதியதை உங்கள் அறைக்கே பொருத்தலாம். உழைப்பின் விளைவு முழுவதையும் அப்படியே பங்கு போட முடியாது என்கிறார். தேய்ந்த கருவிகளை மாற்ற, உற்பத்தியைப் பெருக்க, விபத்து வந்தால் சமாளிக்க, நிர்வாகத்துக்கு, பள்ளி மருத்துவத்துக்கு, உழைக்க முடியாதவர்களுக்கு என்று முதலில் கழிக்க வேண்டும். மிச்சம்தான் பங்கு. அதுவும் தொடக்கக் கட்டத்தில் அவரவர் செய்த உழைப்பின் அளவுக்கு. எல்லாரும் மேற்கோள் காட்டும் ‘தேவைக்கேற்ப’ என்பது உற்பத்தி பெருகி, உழைப்பே மாறிய பிறகு வரும் கட்டத்துக்கு. மனிதர்கள் முதல் நாளே மகான்களாக இருப்பார்கள் என்று அவர் எங்கும் நம்பவில்லை.

உங்கள் 12 பேரின் 1,560 வெள்ளியில் முதலில் 160ஐ எடுத்து வையுங்கள். 30 ரைஸ் குக்கர், பாத்திரப் பழுதுக்கு. 130 ஒரு ஆளின் முழுப் பங்கு, காய்ச்சலில் படுத்தவருக்கும் சம்பளம் தள்ளிப்போனவருக்கும். மீதி 1,400இல் மளிகை. வேலையை நாள் முறையாக வைத்ததுதான் உங்கள் தவறு, நைட் ஷிஃப்ட்காரரால் அதைக் காப்பாற்ற முடியாது. புள்ளியாக மாற்றுங்கள். ஒரு நாளில் சமையலுக்கு 3, காய் நறுக்க 1, பாத்திரம் கழுவ 2. வாரத்துக்கு 42. தேக்கா சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கிவரும் இருவருக்கு தலா 3. மொத்தம் 48, ஆளுக்கு 4. எந்த நாளில் எந்த வேலை என்பது அவரவர் வசதி.

ஆனால் எல்லாருக்கும் 4 என்பதும் முழு நியாயம் ஆகாது. வெயிலில் கம்பி கட்டிவிட்டு வருபவரின் 4, ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவரின் 4 அல்ல. சம உரிமை சமமில்லாத மனிதர்கள் மேல் விழும்போது அநீதியாகிறது என்பது அதே 1875 கட்டுரையின் வாதம். கம்பி கட்டுபவருக்கு 3 போதும் என்று கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.

அறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதலாளித்துவத்தை மார்க்ஸ் அநீதி என்று சொல்லவில்லை என்று தத்துவ ஆய்வாளர் ஆலன் வுட் 1972இல் வாதிட்டார், அரசியல் சிந்தனையாளர் நார்மன் கெராஸ் 1985இல் மறுத்தார். நான் கெராஸ் பக்கம். கூலிக்கு மேல் தொழிலாளி செய்யும் உபரி உழைப்பை முதலாளி எடுத்துக்கொள்வதைத் திருட்டு என்று சொல்பவரிடம் அற உணர்வு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மார்க்ஸுக்குப் பிடிக்காதது உபதேசம்.

கூடி உழைப்பதாலேயே அறம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஊரே சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் நம் ஊர்க் குடிமராமத்தில் ஏரிக்கரையைக் கூடிக் கட்டினார்கள். வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டி பாரபட்சமின்றி மடை திறந்தார், அறுவடையில் நெல் வாங்கிக்கொண்டார். பல ஊர்களில் அந்த நீர்க்கட்டி ஒடுக்கப்பட்ட சாதிக்காரர், விதியைப் பற்றிப் பேசும் இடத்தில் அவருக்கு இடமில்லை. கரை உடையாமல் நின்றது, அநீதியும் நின்றது. சீனாவில் 1958இல் வந்த கம்யூன்கள் என்ற கூட்டு வாழ்க்கை அமைப்புகளின் பொதுச் சமையற்கூடங்களில் உழவர்களுக்கு விலகவும் உரிமை இல்லை, விதியை மாற்றவும் உரிமை இல்லை. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டார்கள். சோஷலிசத்தை நேசிப்பவர்கள் இதை மழுப்பக் கூடாது. அங்கே தோற்றது மனித இயல்பு என்று சொல்வது, அந்த உழவர்கள் மேலேயே பழியைப் போடுவது.

தண்டனையைப் படிப்படியாக வையுங்கள். பொதுவளங்களை ஆராய்ந்த எலினர் ஆஸ்ட்ரம் 1990இல் சொன்ன விதிகளில் இதுவும் ஒன்று. இங்கே உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைக்காதவருக்கு முதலில் எழுத்தில் எச்சரிக்கை, மறுபடி செய்தால்தான் 300 வெள்ளி. உங்கள் அறையில் முதல் தடவை பெயருக்கு நேரே ஒரு கோடு, இரண்டாம் தடவை அடுத்த வாரம் கூடுதலாக 2 புள்ளி, மூன்றாம் தடவை அந்த வாரப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் வெளியே. இதை நீங்கள் ஐந்து பேர் மட்டும் எழுதிவிட்டு மற்ற ஏழு பேரிடம் நீட்டாதீர்கள். ஒரு ஞாயிறு எல்லாரையும் உட்காரவைத்து எழுதுங்கள், நழுவிய அந்த இருவரையும் சேர்த்து.

கணக்கு வைத்திருக்கும் அண்ணனைத் திருடன் என்ற தொனியில் கேட்காதீர்கள். கணக்கு எழுதுவதற்கும் வாரம் 1 புள்ளி கொடுங்கள், வேலை என்று ஒப்புக்கொண்டால் அவர் கோபம் பாதி குறையும். அந்த ஒன்றைக் கடைக்குப் போகும் ஒருவரின் புள்ளியில் குறைத்துக்கொண்டால் மொத்தம் 48 மாறாது. ரசீதுகளைத் தாளில் ஒட்டி ஞாயிறுதோறும் அலமாரிக் கதவில் மாட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பொறுப்பு ஆள் மாறட்டும்.