கூட்டம் போட்டும் காயங்கள் குறையவில்லையே?

கேள்வி: எங்கள் பகுதியில் ஆறு மாதத்தில் இரண்டு குழந்தைகள் வண்டியில் அடிபட்டார்கள். ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. குடியிருப்போர் சங்கம் சார்பில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி, நோட்டீஸும் கொடுத்தோம். பலன் இல்லை. யாரைச் சேர்த்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அப்புறம், பக்கத்து மருத்துவமனையில் கட்டுப் போடும் செவிலியரைப் போய்ப் பாருங்கள். அதிகாரிகளைவிட முன்னால் உங்களுக்கு வேண்டியவர் அவர்தான். குளியலறையில் வழுக்கியது, வெந்நீர் கொட்டியது, சைக்கிளிலிருந்து விழுந்தது எதுவும் காவல் நிலையத்துக்குப் போகாது. கட்டுப் போடும் அறைக்குத்தான் வரும். நிர்வாகத்தின் அனுமதியோடு அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், வயது, நாள், நேரம், இடம், எப்படி அடிபட்டது, இவ்வளவு போதும். ‘சாலையில் விழுந்தார்’ என்று எழுதிப் பயனில்லை. ‘மாலை ஆறரை, பள்ளியின் பின்வாசல், விளக்கு எரியவில்லை, நடைபாதைக் கல் பெயர்ந்திருந்தது’ என்று எழுதினால், யாரிடம் போய்க் கேட்பது என்று அந்த வரியே சொல்லிவிடும்.

சுவீடனின் ஃபால்ஷோப்பிங்கில் 1978இல் இப்படித்தான் காயங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அங்கே காயங்கள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன. ‘பாதுகாப்பான சமூகங்கள்’ என்ற உலக இயக்கம் வளர்ந்ததில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் அடிக்கடி சொல்லும் இன்னொரு உதாரணம் நியூயார்க். மாடி ஜன்னலிலிருந்து குழந்தைகள் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். 1972இல் நகரச் சுகாதாரத் துறை ஒரு திட்டம் தொடங்கியது. குழந்தை விழுந்த தகவலை மருத்துவமனையும் காவல் துறையும் தெரிவிக்கும். ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசுவார்கள். ஜன்னல் கம்பியை இலவசமாகவே கொடுத்தார்கள். பிராங்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டில் அத்தகைய விபத்துகள் பாதியாகக் குறைந்தன. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்குக் கட்டட உரிமையாளரே கம்பி கொடுக்க வேண்டும் என்று 1976இல் விதியும் வந்தது. ‘குழந்தையைக் கவனமாகப் பாருங்கள்’ என்ற அறிவுரையோடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது. எந்தத் தாயும் நாள் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கம்பி பார்த்துக்கொள்ளும். உங்கள் நோட்டீஸுக்குப் பலன் கிடைக்காததும் இதனால்தான்.

சரி, யாரைச் சேர்ப்பது? நோட்டில் அதிகம் வரும் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை மாற்றும் அதிகாரம் உள்ளவர்களை மட்டும் அழையுங்கள். பள்ளி வாசல் என்றால் தலைமையாசிரியர், வேகத்தடை போடும் உள்ளாட்சிப் பொறியாளர், போக்குவரத்துக் காவலர், பெற்றோர் இருவர். கூட்டத்தை அந்த வாசலிலேயே, பள்ளி விடும் நேரத்தில் வையுங்கள். வண்டிகள் வரும் வேகத்தைப் பொறியாளர் கண்ணால் பார்த்துவிட்டால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கேளுங்கள், எங்கே பயந்து ஓடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெரியவர்கள் விழுவதைத் தடுக்க வேறு ஆட்கள் வேண்டும். கைப்பிடி பொருத்தும் தச்சர், மயக்கம் தரும் மாத்திரைகளைச் சரிபார்க்கும் மருத்துவர், கண் பரிசோதகர். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

சிறிய பகுதியில் காய எண்ணிக்கை தானாகவே ஏறும், இறங்கும். அதனால் நூலிழையில் தப்பியவற்றையும் வண்டிகளின் வேகத்தையும் சேர்த்துக் குறியுங்கள். வேகத்தடை போட்ட தேதியையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.